எப்போதெல்லாம் நடுங்குகிறது

நவம்பர் 3, திங்கள்

வண்டி எப்போதெல்லாம் நடுங்குகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார் மெக்கானிக் கந்தவேல். போனில் நான் சொன்னதை வைத்து அவரால் எதுவும் முடிவு செய்ய முடியவில்லை. நிற்கும்போதா, போகும்போதா, ரிவர்ஸ் போடும்போதா, எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் குறித்து வைத்தால் அவர் வந்து பார்க்கும்போது பாதி வேலை மிச்சமாம். பேப்பர் தொலைந்துவிடும். பள்ளியில் ஆய்வகத்துக்கென்று கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

காலை: ஸ்டார்ட் செய்ததுமே நடுக்கம். ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போது அதிகம். கண்ணாடியில் தெரிகிற சில்வர் ஓக் மரங்கள் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன. ரிவர்ஸுக்கு ஆர் போட்டால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஓடும்போது பரவாயில்லை.

இறங்கிய பிறகும் உள்ளங்கையில் அந்த நடுக்கம் கொஞ்ச நேரம் இருக்கிறது. முதல் பீரியடில் போர்டில் எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. பென்சீன் வளையம் கோணலாக வந்தது. "மிஸ், அது ஆறு பக்கமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். ஜூனிலிருந்து என் வகுப்பில் யாரும் கிண்டல் செய்வதில்லை.

என் கணவன் சுகுமாரிடம் வண்டியைப் பற்றிச் சொன்னேன். "என்ஜின் மவுண்டிங் போயிருக்கும்" என்றான். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

கந்தவேல் சேலத்திலிருந்து பைக்கில் வந்தார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். டாக்டரிடம் சொல்கிற மாதிரி சொல்கிறேனாம். கெமிஸ்ட்ரி டீச்சர் என்று சுகுமார் சொன்னான். "அதானே பார்த்தேன்" என்றார்.

என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து டி, ஆர் என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். பானெட்டைத் திறந்து வைத்திருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. என்ஜின் ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழுந்ததாம். பிறகு டார்ச் அடித்துக் காட்டினார். வலது பக்கம், என்ஜினையும் வண்டியின் உடம்பையும் பிணைக்கிற இடத்தில் ஒரு கருப்பு ரப்பர். வெடித்திருந்தது. உள்ளே இருந்த எண்ணெய் கசிந்து வழிந்து மண் ஒட்டியிருந்தது. என்ஜினுடைய ஆட்டத்தையெல்லாம் நடுவில் உட்கார்ந்து தான் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அது போய்விட்டால் ஆட்டம் அப்படியே வண்டிக்கு வரும், வண்டியிலிருந்து நமக்கு வரும்.

பழைய வண்டி. வெளிநாட்டிலிருந்து வந்தது. சுகுமார் காபி எஸ்டேட்டில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி விற்றதை ஆசைப்பட்டு வாங்கினான். மலைக்கு ஏற்றது, நாலு சக்கரமும் இழுக்கும் என்பான்.

"நாலு சக்கரமும் இழுக்குது சார், இல்லேங்கல. ஆனா ஒரு பார்ட்ஸ் வேணும்னா நாலு ஸ்டேட் சுத்தணுமே" என்றார் கந்தவேல். டெல்லியில் சொல்லி வைத்தால் பத்து நாளில் வந்துவிடுமாம்.

பதினேழாம் தேதிக்குள் வண்டி தயாராக வேண்டும் என்று சுகுமார் சொன்னான்.

பதினேழாம் தேதி அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்கிறான். அவனுடைய அக்கா பிரேமா அண்ணி பார்த்துக் கொடுத்த வேலை. எஸ்டேட் வேலையைப் போன மாதமே விட்டுவிட்டான். வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிறான். நான் ஏற்காட்டிலேயே இருக்கிறேன். பொதுத்தேர்வு முடியும்வரை என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறோம். தேர்வு முடிந்த பிறகு என்ன என்று நாங்கள் பேசவில்லை. பிரிவு என்ற வார்த்தையை இருவரும் சொல்லவில்லை. ஜூனில் எங்கள் மகள் மிதிலா இறந்ததிலிருந்து இந்த வீட்டில் நிறைய வார்த்தைகளை யாரும் சொல்வதில்லை.

இதெல்லாம் கந்தவேலுக்குத் தேவைப்படாது. எழுதியாகிவிட்டது.

நவம்பர் 8, சனி

வண்டி: குப்பனூர் இறக்கத்தில் மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. சேலத்தில் சிக்னலில் நிற்கும்போது பாட்டிலில் தண்ணீர் சிறுசிறு வளையமாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

சேலத்துக்கு இறங்க இரண்டு சாலை உண்டு. எல்லோரும் போவது அடிவாரம் வழி, கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை. நாங்கள் குப்பனூர் சுற்றிப் போகிறோம். யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து முதல் தடவை கீழே இறங்கியபோது சுகுமார் குப்பனூர் பக்கம் திருப்பினான். நான் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே நிலைத்துவிட்டது.

மிதிலா கல்லூரி முடிந்து ஸ்கூட்டரில் அடிவாரச் சாலையில் மேலே வந்துகொண்டிருந்தாள். வளைவில் மூடுபனி. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று போலீஸார் சொன்னார்கள். யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் சுகுமாருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். ஒரு முகம் கிடைத்திருக்கும்.

வாங்கியது: உளுந்து, கேஸ் லைட்டர், அவனுக்கு இரண்டு சட்டை, ஒரு பெட்ஷீட், ஒரு பக்கெட், மூடி போட்ட டிபன் கேரியர்.

"பையன் ஹாஸ்டலுக்கா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். சுகுமார் அந்தப் பக்கம் நின்று பக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

பார்சல் வரவில்லை. வண்டி நேற்றைப் போலவே. லேபில் பியூரெட் குழாயை நிரப்பும்போது வழிந்தது. மூன்றாவது பீரியட் அது, காலையில் வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. இந்த நடுக்கம் ஒட்டிக்கொள்கிறது.

நவம்பர் 13, வியாழன்

பிரேமா அண்ணி போன் செய்தார். ஓசூரில் அவர்கள் வீட்டு மாடியைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாராம். சுகுமார் அங்கேயே இருக்கலாம், சமையல் கவலை இல்லை.

"நான் சுகுமார்கிட்ட சொல்றேன் அண்ணி" என்றேன்.

"இன்னுமா பேர் சொல்லிக் கூப்பிடறே?" என்றார். கல்லூரியில் ஒரே பெஞ்சில் பரீட்சைக்குப் படித்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கல்யாணமான புதிதில் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை.

பிறகு குரலை இறக்கி, நான் அழுதேனா இல்லையா என்று கேட்டார். காரியத்தன்றுகூட நான் பந்தியில் எல்லோருக்கும் மோர் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேனாம். "உன்னைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு வத்சலா. அவனுக்கு எப்படி இருக்கும்?"

பால் பொங்குகிறது அண்ணி என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையாகவே பொங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

பார்சல் நேற்று வந்தது. பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனம். புதுச் செருப்பின் வாசனை.

கந்தவேல் மத்தியானம் வந்தார். ஷெட்டில் வண்டியை நிறுத்தி, என்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கால் தாங்கினார். பழைய மவுண்டிங்கைக் கழற்றுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. இந்தக் குளிரில் வியர்ப்பவரைப் பார்த்து வெகுநாளாகிறது. வேலை செய்துகொண்டே பேசினார். அவருடைய மைத்துனன் புதிதாக வாங்கிய வண்டியில் பாட்டுச் சத்தம் பின்சீட்டில் வரவில்லை என்பதற்காக மூன்று தடவை ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட்டானாம். "எங்க காலத்துல வண்டி கிளம்புனாலே பாட்டுதான்" என்றார்.

சுகுமார் பக்கத்தில் நின்றான், இரண்டு கையும் ஸ்வெட்டர் பாக்கெட்டில்.

"சார், உங்ககிட்ட பதினேழாம் நம்பர் சாக்கெட் ஸ்பேனர் நீளமானது இருக்குங்களா?" என்று அடியிலிருந்து கந்தவேல் கேட்டார்.

"இல்ல" என்றான்.

இருக்கிறது. அவனுடைய டூல் பாக்ஸ் அதே ஷெட்டில், காபி மூட்டைச் சாக்குகளுக்குக் கீழே இருக்கிறது. ஜூனிலிருந்து அவன் அதைத் திறக்கவில்லை.

புது மவுண்டிங்கை உட்கார வைக்கும்போது மழை கட்டிக்கொண்டு வந்தது. கந்தவேலுக்கு மழைக்கு முன் பைக்கில் இறங்க வேண்டும். வேகமாக முறுக்கினார். கடைசி போல்ட்டை உடம்பு முழுவதும் சாய்த்து அவர் முறுக்கியபோது ஜாக் அடியில்தான் இருந்தது. நான் டீ போட உள்ளே போனேன்.

டீ கொண்டுவந்தபோது ஜாக்கை எடுத்துவிட்டிருந்தார். பழைய ரப்பரை ஒரு பாலிதீன் பையில் போட்டு டிக்கியில் வைத்தார். எந்த மெக்கானிக்கும் இப்படித்தான் வைப்பார், மாற்றியதற்கு அத்தாட்சி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து என்னை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பழங்கள் நசுங்கின. வண்டி முன்பைவிட அதிகமாக நடுங்கியது.

கந்தவேல் தலையைச் சாய்த்துக் கேட்டார். புது ரப்பர், பழக இரண்டு நாள் ஆகும் என்றார். மழை ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

நடுக்கம் குறையவில்லை. டி-யில் நிற்கும்போது கதவுகள்கூட அதிர்கின்றன.

கந்தவேலுக்குப் போன் செய்தேன். மற்ற மவுண்டிங்குகளும் போயிருக்கும், மொத்தமாக மாற்றிவிடலாம், பார்ட்ஸ் வர இரண்டு வாரம் ஆகும் என்றார். இப்படி ஒரு வண்டியில் இவ்வளவு தூரம் போவது சரியில்லை என்றும் சொன்னார். சுகுமாரிடம் சொன்னேன். அவன் கந்தவேலிடம் எதையும் கேட்கவில்லை. எஸ்டேட்டில் ஒரு பெல்ட் கீச்சிட்டால் நாலு பேரைக் கேள்வி கேட்கிறவன்.

ஓசூருக்குப் போன் செய்து பேசினான். டிசம்பர் ஒன்றாம் தேதிவரை பொறுப்பார்களாம். சாப்பிடும்போது இதைச் சொன்னான். சரி என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

நவம்பர் 19, புதன்

மாலை வீட்டுக்கு வந்தபோது பட்டாணி உரித்து வைத்திருந்தான். கிண்ணத்தைத் தட்டால் மூடி மேசையில் வைத்துவிட்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் இல்லாமல்தான் பார்ப்பான். ஜூனுக்குப் பிறகு அவன் ஹாலிலேயே படுத்துக்கொள்கிறான்.

பட்டாணிக் குருமா செய்தேன். உப்பு குறைவு என்றான். போட்டுக்கொண்டோம்.

நவம்பர் 22, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். வண்டியைப் பற்றியதுதான், அதனால் எழுதுகிறேன்.

மிதிலா பிளஸ் டூ படிக்கும்போது இதே வண்டியின் முன்பக்க மவுண்டிங் போனது. அவளும் சுகுமாரும் சேர்ந்து மாற்றினார்கள். ஒரு ஞாயிறு முழுக்க ஷெட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். நான் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். புதிது போட்ட பிறகு வண்டி முன்பைவிட மோசமாக நடுங்கியது. சுகுமார், பார்ட்ஸ் சரியில்லை, திருப்பி அனுப்பு என்றான். அவள் அடுத்த வாரம் முழுவதும் பள்ளிப் பேருந்தில் போய் வந்துகொண்டு, செல்போனில் எதையெதையோ பார்த்துக்கொண்டு இருந்தாள். வெள்ளிக்கிழமை சமையலறைக்கு வந்து என்னிடம் சொன்னாள், அப்பாவிடம் இல்லை:

"அம்மா, ஜாக்ல தாங்கும்போதே முறுக்கிட்டோம். என்ஜின் தன் வெயிட்ல உக்காரவே இல்ல. பாவம், அந்த ரப்பர் திருகிட்டு நிக்குது."

அடுத்த ஞாயிறு போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஜாக்கை எடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, அவள் பிரேக்கை மிதித்தபடி டி, ஆர் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். என்ஜின் ஆடி, தானாக ஓர் இடத்தில் உட்கார்ந்தது. அணைத்துவிட்டு அவன் முறுக்கினான். அதன் பிறகு நடுக்கம் இல்லை. எஞ்சினியர் அப்பாவுக்குத் தான்தான் மேஸ்திரி என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கந்தவேலிடம் இதைச் சொல்லலாம். ஒரு போன்தான். திங்கட்கிழமை பிராக்டிகல் இருக்கிறது, உப்புகளை எடை போட்டு வைக்க வேண்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

போன் செய்யவில்லை. வேலை அதிகம்.

நவம்பர் 29, சனி

பிரேமா அண்ணி காரில் வந்து இறங்கினார். டிரைவர், இரண்டு பலகாரப் பாத்திரங்கள், ஒரு பெரிய பூசணிக்காய்.

"வண்டி ஆகலைன்னா என்ன? என் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறேன். திங்கட்கிழமை காலையில வேலையில இருக்கணும்ல. ஒரு ரப்பருக்காக ஒருத்தன் வாழ்க்கை நிக்குமா?" என்றார்.

சுகுமார் பாத்திரங்களை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

அண்ணியை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வி வந்தது. என் அறையில் படுக்கச் சொன்னேன். வேண்டாம், மேலே படுத்துக்கொள்கிறேன் என்று மிதிலாவின் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து இறங்கி வந்தார். "தலகாணி உறையைக்கூட மாத்தலையேடி" என்றார். என்னை அவர் 'டி' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. பிறகு ஹாலில் சோபா மேல் மடித்து வைத்திருந்த கம்பளியைப் பார்த்தார், சுகுமாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூசணிக்காயை வெட்டட்டுமா என்று கேட்டார்.

அவனுடைய சாமான்களைக் கட்டினேன். பக்கெட்டுக்குள் சட்டைகளை வைத்து அதன்மேல் பெட்ஷீட்டைச் சுற்றினேன். நன்றாக அடங்கியது.

நவம்பர் 30, ஞாயிறு

அண்ணி டிரைவரைக் கூட்டிக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குப் போனார். எங்களையும் கூப்பிட்டார். விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். சுகுமார் ஷெட்டுப் பக்கம் போனான்.

பாதி விடைத்தாள் கட்டைத் திருத்தினேன். பிறகு சிவப்புப் பேனாவை மூடிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அவன் வண்டியின் முன் பம்பரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எதையும் செய்துகொண்டிருக்கவில்லை.

"கந்தவேல் ஜாக்கை எடுக்காமலே முறுக்கிட்டார்" என்றேன்.

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது?"

"முறுக்கும்போதே. பக்கத்துலதானே நின்னேன்." பிறகு, "நீ?" என்றான்.

"டீ போடப் போறதுக்கு முன்னாடி."

அவன் சிரித்தான் என்று சொல்ல முடியாது. மூக்கால் ஒரு மூச்சு விட்டான். வெளியே யாரோ ஒரு சுற்றுலா வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். அது வளைவு தாண்டி மறையும்வரை நின்றோம்.

"சரி பண்ணிடலாம்" என்றேன்.

"சரி பண்ணா?"

"நடுங்காது."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளினான். டூல் பாக்ஸின் மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. காலை வைத்து அழுத்தித் திறந்தான்.

உள்ளே சாக்கெட்டுகள் மேல் நெயில் பாலிஷ் பூசியிருந்தது. அளவு எண் தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்று மிதிலா பூசி வைத்தவை. பதினாலுக்குச் சிவப்பு, பதினேழுக்கு நீலம், பத்தொன்பதுக்கு வெள்ளி நிறம். சுகுமார் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வண்டிக்குள் தலையை விட்டு, கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"பதினேழு" என்றான்.

நீலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

தளர்த்தினான். எல்லாவற்றையும், முன்பக்க போல்ட்டுகளையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சம். பிறகு என்னைப் போய் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டேன்.

"டி" என்றான். போட்டேன். என்ஜின் ஒரு பக்கம் சாய்வதை இருக்கையில் உணர முடிந்தது.

"என்." நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

"ஆர்."

"மறுபடி டி."

அவன் குரல் மட்டும் பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அவள் இங்கே உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பாள். அவள் வேகமாகப் போட்டாள் என்று நினைவிருக்கிறது, மெதுவா போடுடி கழுதை என்று அவன் கத்தினான். என்னிடம் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அணைக்கச் சொன்னான். அணைத்தேன். முறுக்கினான். முறுக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு திரும்பவும் ஸ்டார்ட் செய்யச் சொன்னான்.

கண்ணாடியில் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரமாக நின்றன. பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தேன்.

"இன்னும் இருக்கு" என்றேன்.

அவன் பானெட்டை மூடிவிட்டுச் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். எந்த இயந்திரத்தையும் அவன் அப்படித்தான் பார்ப்பான், கண்ணை மூடிக்கொண்டு.

"இல்லையே" என்றான்.

"எனக்குத் தெரியுதே."

"டி போடு." போட்டேன். "ஆர் போடு." போட்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. "ஒண்ணுமே இல்ல வத்சலா."

சாவியைத் திருப்பி அணைத்தேன். ஷெட்டில் மழை நின்ற பிறகு சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்து என் கை மேல் வைத்தான். அதே மாதிரிதான் வைத்தான், விரல்களை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு. கிரீஸ் ஒட்டியது.

"எப்போலேருந்து?" என்றான்.

"எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

அண்ணியின் கார் வந்து நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அண்ணி இறங்கி, கையில் பிரசாதத்தோடு, ஷெட் வாசலில் நின்று பார்த்தார். திருநீற்றை நீட்டினார்.

டிசம்பர் 1, திங்கள்

இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பினார்கள். சாமான்களை அண்ணியின் டிக்கியில் ஏற்றினான். எங்கள் வண்டிதான் சரியாகிவிட்டதே, அதை எடுத்துக்கொண்டு வரவில்லையா என்று அண்ணி கேட்டார்.

"அது இங்க இருக்கட்டும்க்கா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "சனிக்கிழமை சாயங்காலம் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. ஓசூர்லேருந்து பஸ்ஸு நிறைய இருக்கு" என்றான்.

"வாராவாரமா?" என்றார் அண்ணி.

அவன் கதவைச் சாத்தினான். அண்ணி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "தலகாணி உறையை மாத்தாதே, இருக்கட்டும்" என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

கந்தவேலுக்குப் போன் செய்து மற்ற மவுண்டிங்குகள் வேண்டாம் என்றேன். வண்டி சரியாகிவிட்டது, ஜாக்கில் இருக்கும்போதே முறுக்கியதுதான் காரணம் என்றேன். "அன்னிக்கு மழை வேற..." என்றார். பிறகு, "சார் பக்கத்துலயே நின்னாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். சுகுமாருக்கு அப்போது நினைவு வரவில்லை என்றேன்.

டிசம்பர் 6, சனி

வண்டி: நடுக்கம் இல்லை.

அடிவாரம் வழியாக இறங்கினேன். ஊர் முக்கில் கை தானாகக் குப்பனூர் பக்கம் போகப் பார்த்தது. திருப்பவில்லை.

அந்த வளைவில் நிற்க வேண்டாம், மெதுவாகக் கடந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நிற்க வேண்டியதாகிவிட்டது. கீழிருந்து வந்த ஒரு லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. டி-யில் பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தேன். தடுப்புச் சுவரில் ஒரு பகுதி மட்டும் புதிதாகக் கட்டியிருந்தார்கள், சிமெண்ட் நிறம் வேறாக இருந்தது. அதன்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை. கை மட்டும் நடுங்கியது, தோள்வரைக்கும். லாரிக்காரர் எனக்கு நன்றி சொல்வதற்காகக் கையைத் தூக்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தபோதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. துடைத்துக்கொண்டு இறங்கினேன். கீழே போய்ச் சேரும்வரை துடைக்க வேண்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் சுகுமார் ஒரு பையோடு நின்றான். ஒரு வாரத்தில் கழுத்து கருத்துவிட்டது. ஏறி உட்கார்ந்தான். கேண்டீன் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள் என்றான். பழக்க தோஷத்தில் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தான். பிறகு என் கண்ணைப் பார்த்தான்.

"எந்த வழியா வந்தே?"

"அடிவாரம்."

பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அவன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

"அந்த வழியாவே போ" என்றான்.